செங்கல் சுவரில் கொடி விட்டுப்போன வேர்க்கறையை எடுப்பது எப்படி?

சென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் செங்கல்லைப் பிணைத்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். அந்தச் சுவரில் படர்ந்த கொடியை எடுத்த பிறகும், பூரான் கால் மாதிரி பழுப்பு வரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கொடியின் பொடி வேர்கள் பசையைக் கசியவிட்டு, செங்கல்லின் நுண்துளைகளில் பிடித்த தடம் அது. அதைச் சுத்தமாக்கும் அவசரத்தில் காரையைக் கெடுத்துவிடக் கூடாது. கறை அழகைத்தான் கெடுக்கும். காரை போனால் மழைநீர் உள்ளே இறங்கும்.

1. கொடியைக் காயவிடுங்கள். கொடி இன்னும் சுவரில் இருந்தால் அடித்தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பச்சையாக இழுத்தால் காரையும் பெயர்ந்து வரும். சுவரில் ஏறும் அத்திக்கொடி என்றால் வெள்ளைப் பால் வடியும், தோல் அரிக்கும்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். அப்புறம் ஒட்டியிருக்கும் வேரை மாதக்கணக்கில் விட வேண்டாம், இறுகிவிடும்.

2. காரையைச் சோதியுங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நகத்தால் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

3. தேய்ப்பு. கெட்டி நைலான் பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி, ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. இவ்வளவு போதும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் முயன்று பாருங்கள். காய்ந்த வேரை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடத்தை நனைத்து, சோப்புத் தண்ணீர் பூசிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஊறியதும் சுரண்டியைப் படுக்கையாகப் பிடித்து வேரைக் கிளப்புங்கள். மிச்சத்தைப் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து உடனே கழுவுங்கள். ஒரே நாளில் முழுச் சுவரையும் முடிக்க நினைக்க வேண்டாம். உயரமான இடம் என்றால் ஏணியில் எட்டிப் பிடித்துத் தேய்ப்பது ஆபத்து, சாரம் கட்டச் சொல்லுங்கள்.

கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீரை (குடிநீர் வாரியத் தண்ணீரை) பயன்படுத்துங்கள். கடலோரப் பகுதிகளில் பல போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அது காய்ந்ததும் செங்கல்லில் வெள்ளையாகப் பூக்கும்.

4. செய்யவே கூடாதவை. கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்பைக் கரைத்துவிடும். இரும்பு வயர் பிரஷ் செங்கல்லின் சுட்ட மேல்தோலைக் கீறும். அதில் உடைந்து தங்கும் கம்பித் துணுக்கு துருப்பிடித்துப் புதுக் கறை வரும். பிரஷர் வாஷர் இடுக்குக் காரையை அரித்துவிடும். நெருப்பால் பொசுக்குவதும் கூடாது.

இரண்டாவது முறை தேய்த்தும் மெல்லிய தடம் மிஞ்சினால் விட்டுவிடலாம். வெயிலும் மழையும் அதை மெல்ல மங்கவைக்கும்.

5. இடுக்கை அடைப்பது. காரை பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பாயிண்டிங் (இடுக்கைச் சிமென்ட் கலவையால் பூசி அடைப்பது) செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சிமென்ட் கெட்டி, ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையே சரி. மழை ஓய்ந்த தை, மாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் நனைத்த கோணிச் சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு, காரை மெதுவாக இறுக விடுங்கள்.