பேராசைக் கதையின் குறியீடுகளை வாசிக்கும் முறை

பினாங்கு வாசிப்பு வட்டத்தில் டால்ஸ்டாய் 1886இல் எழுதிய ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?’ கதையை எடுத்துக்கொள்பவர்கள், முதலில் கதைநாயகனான குடியானவன் பாஹோம் வாங்கும் ஒவ்வொரு நிலத்தையும், அதில் அவன் காணும் குறையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யப் புல்வெளி மக்களான பாஷ்கீர்களிடம் 1,000 ரூபிளுக்கு ஒரு பகலில் நடந்து வளைக்கும் நிலத்தைப் பேசும் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள். குன்றின்மேல் வைத்த நரித்தோல் தொப்பி புறப்படும் இடமாகவும் திரும்பவேண்டிய எல்லையாகவும் நிற்பதையும், எல்லை குறித்த மண்வெட்டியே இறுதியில் அவனுக்குச் சவக்குழி தோண்டுவதையும் இணைத்துப் பாருங்கள்.

கதையில் பாஹோமை வீழ்த்த நினைக்கும் சாத்தானிடம் பழியைப் போட்டுவிடாதீர்கள். அவன் வாய்ப்பை மட்டுமே தருகிறான் என்பது என் கருத்து. ரப்பர் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நமக்கு, நிலத்தை விரும்புவதே பேராசை ஆகாது. ஆகவே, தேவை எந்த வரியில் ஆசையாக மாறுகிறது என்று தேடி, அங்கே பென்சிலால் கோடிடுங்கள்.