எதிரொலியா, எதிரொளியா? எழுதும்போது சறுக்கும் இடங்கள்

நாகர்கோவிலில் ஒட்டும் போஸ்டர்களில் ‘மக்கள் குரலின் எதிரொளி’ என்று அவ்வப்போது கண்ணில் படும். மாறியது ஒரே எழுத்துதான், ஆனால் பொருள் காதை விட்டுக் கண்ணுக்குத் தாவிவிடுகிறது. கண்ணாடியில் பட்டு ஒளி திரும்புவது எதிரொளிப்பு. மலையில் மோதித் திரும்பும் கூப்பாடு எதிரொலி. ‘எதிறொலி’ என்று வல்லின றகரம் போடுவோரும் உண்டு. அப்படி ஒரு சொல்லே கிடையாது.

எதிர் + ஒலி என்பதுதான் சொல்லின் பிறப்பு. இந்த ‘எதிர்’ பகை அல்ல. எதிர்வீட்டுக்காரர் நமக்கு எதிரியா என்ன? முன்னிருந்து திரும்பி வருவது என்றே இங்கே கொள்ள வேண்டும். அதனால், தலைவரின் கருத்தை மறுத்துப் பேசியவரை ‘எதிரொலித்தார்’ என்று எழுதினால், அவர் ஆமாம் போட்டதாக ஆகிவிடும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். மலையாளத்தில் எதிரொலிக்கு மாற்றொலி என்று பெயர். களியக்காவிளைப் பக்கம் மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருப்பதால், அதையே தமிழிலும் எழுதத் தோன்றும். தமிழ் மொழியியலில் மாற்றொலி வேறு. ‘பல்’, ‘தம்பி’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒரே பகரம் இடத்துக்கேற்ப மாறி ஒலிக்கிறதே, அதுதான்.

பழந்தமிழில் எதிரொலிப்பதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: சிலம்புதல். ஒலித்தல், எதிரொலித்தல் என்று பொருள். சங்கப் பாட்டில் மலைக்கும் சிலம்பு என்று பெயர்; குறிஞ்சித் தலைவன் சிலம்பன். சிலம்பு என்றதும் காலில் போடுவதை மட்டும் நினைத்துக்கொண்டு படித்தால் பாட்டு பிடிபடாது.

கல்யாண மண்டபத்தில் மைக் பேச்சு கொழகொழவென்று கேட்டால் ‘எக்கோ அடிக்குது’ என்கிறோம். அது பெரும்பாலும் எதிர்முழக்கம்: சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி, பேச்சோடு கலந்து இழுபடுவது. எதிரொலி தனியாகக் கேட்க 0.1 வினாடி இடைவெளி வேண்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் போகும், அந்த இடைவெளியில் அது போய்த் திரும்ப வேண்டும், ஆக எதிர்ச்சுவர் சுமார் 17 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். சுசீந்திரம் கோயில் இசைத்தூண்களில் கேட்பதும் எதிரொலி அல்ல, தட்டிய கல்லே அதிர்ந்து பாடுகிறது.

கடைசியாக, செய்தித்தாள் தலைப்புகள். ‘ஓணம் எதிரொலி: தோவாளையில் பூ விலை உயர்வு’ என்ற மாதிரித் தலைப்பு ஆண்டுதோறும் வரும். ஓணத்துக்கு முன்பே விலை ஏறிவிடுகிறது. கூப்பிடும் முன்னே எதிரொலி வருமா? ‘ஓணத்தையொட்டி’ என்று போட்டால் போதும்.