பழைய கார் சீட்டு ஒரிஜினலா இல்லையா, கிழிச்சுப் போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பழைய அம்பாசிடரோ பத்மினியோ கைக்கு வந்துச்சுன்னா நம்ம ஊர்ல மொத வேலையா வண்டியை பெயிண்டுக்கு விடுறாங்க, அப்படியே சீட்டைக் கழட்டி குஷன் கடையில போட்டு "அண்ணே எல்லாத்தையும் உரிச்சுட்டுப் புதுசா அடிச்சுக் குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுறாங்க. ஒரு கார்புரேட்டருக்காக கோயம்புத்தூர் வரைக்கும் அலையுற ஆளு கூட சீட்டு விஷயத்துல இப்படித்தான் இருக்காரு. பெயிண்டு எத்தனை தடவை வேணாலும் அடிச்சுக்கலாம். கம்பெனி போட்ட ரெக்சின் ஒரு தடவை குப்பைக்குப் போச்சுன்னா அந்த கிரெய்னு (மேல தோலு மாதிரி தெரியுற வரிவரியான அச்சு), அந்தக் கலரு, அந்தத் தையல் அகலம் எதுவும் திரும்பக் கிடைக்காது. அதனால கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து பாருங்க, அம்புட்டுதான் கேக்குறேன்.

நம்மாளுக பழக்கம் ஒண்ணு இதுல நமக்கு சாதகம். கார் வாங்குனா கவர் போடாம ஓட்ட மாட்டாங்க. வெள்ளை டர்க்கி டவல், அதுக்குக் கீழ ஒரு ரெக்சின் கவர், அதுக்கும் கீழ பூப்போட்ட துணி கவர்னு வெங்காயம் உரிக்கிற மாதிரி வந்துக்கிட்டே இருக்கும், சில வண்டியில அடியில கம்பெனி சீட்டு ஷோரூம் பிளாஸ்டிக்கோட உக்காந்திருக்கும். டாக்சியா ஓடுன வண்டின்னா இன்னும் நல்லது, கவர் மேல கவரா போட்டிருப்பாங்க. அதனால ஒவ்வொரு அடுக்கா பொறுமையா எடுங்க, அவசரப்பட்டு மொத்தமா இழுத்தீங்கன்னா அடியில காஞ்சு போன ரெக்சினும் சேந்து கிழிஞ்சுரும்.

மேல தெரியுற இடத்தைப் பாத்து ஒரிஜினலான்னு முடிவு பண்ணாதீங்க, அங்கதான் எல்லாரும் கை வச்சிருப்பாங்க. பின் சீட்டு உக்காருற பகுதியை தூக்கி எடுத்து, பின்பக்கம் உள்ள மடிஞ்சு போற ஓரத்தைப் பாருங்க. அப்புறம் சீட்டோட அடிப்பக்கம், சாயுற பகுதி பாடியில ஒட்டி நிக்கிற பின்புறம், பைப்பிங்குக்கு (ஓரத்துல உருட்டித் தச்சிருக்குற பட்டிக்கு) உள்ள இருக்குற மடிப்பு. பைப்பிங்கை நகத்தால லேசா ஒதுக்குனீங்கன்னா ஒரு நூல் அகலத்துக்கு வெயிலே படாத ரெக்சின் தெரியும், மேல வெளிறிப் போன செங்கல் கலரா இருக்குறது அங்க நல்ல மெரூனா இருக்கும். கம்பெனியில இருந்து வந்தப்ப என்ன கலருங்கிறதுக்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது. அதை பகல் வெளிச்சத்துல நிழல்ல வச்சு போட்டோ எடுத்துக்கங்க, டியூப் லைட்டுல எடுத்தா கலர் ஏமாத்தும்.

அடுத்தது கதவு. கதவோட உள்பக்க பேடுல போட்ட ரெக்சினும் சீட்டு ரெக்சினும் பொதுவா ஒரே குடும்பமாத்தான் இருக்கும், கிரெய்னு ஒத்துப் போகும், கலர் ஒண்ணா இருக்கும் இல்லை ஜோடியா இருக்கும். சீட்டை மாத்துன நிறைய பேரு கதவு பேடைத் தொடாம விட்டிருப்பாங்க, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே பாதி கதை தெரிஞ்சுரும்.

வண்டி மாடலும் சொல்லும். பெரும்பாலான பத்மினியும் பழைய அம்பாசிடரும் ஸ்டியரிங் கியர் (கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழயே இருக்கும்), முன்னாடி ஒரே நீள பெஞ்ச் சீட்டு. ஸ்டியரிங் கியர் அப்படியே இருந்து முன்னாடி தனித்தனி பக்கெட் சீட்டு இருந்துச்சுன்னா எவரோ பின்னாடி மாத்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். அம்பாசிடர்ல இசுசு இன்ஜினோட வந்த 1800 ஐஎஸ்இசட்ல ஃப்ளோர் கியர், பக்கெட் சீட்டு, அது கம்பெனி வேலைதான். மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ஆரம்பத்துல இருந்தே முன்னாடி ரெண்டு தனி சீட்டு, அதைப் பாத்து குழம்ப வேண்டாம். இன்னொண்ணு, அம்பாசிடருக்கு மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு, பத்மினிக்கு மூலம் ஃபியட் 1100னு சொல்லி இங்கிலாந்து, இத்தாலி வண்டி போட்டோவை வச்சு சீட்டு தைக்கிறவங்க இருக்காங்க. என்னைக் கேட்டா அது தப்பு. இங்க வருசக் கணக்கா ஓடுன தயாரிப்பு, அம்பாசிடர் நின்னதே 2014லதான், நடுவுல மெட்டீரியலும் டிசைனும் மாறிக்கிட்டே வந்திருக்கு. உங்க வண்டி வருசத்துக்குப் பக்கத்துல உள்ள நம்ம நாட்டு வண்டி ஒண்ணைத் தேடிப் பாருங்க.

மாத்தித் தச்சதைக் கண்டுபிடிக்க தையலைப் பாருங்க. ஒரே தையல் கோட்டுல ஊசி ஓட்டை ரெண்டு வரிசையா இருந்தா ஒரு தடவை பிரிச்சு திரும்ப அடிச்சிருக்காங்க. சீட்டு அடியில கம்பி ஃப்ரேம்ல சின்ன கம்பி வளையம் போட்டு இறுக்கியிருந்தா பழைய முறை, வளையம் ஒரே மாதிரி துரு ஏறி ரெக்சின்ல துரு அச்சு விழுந்திருக்கணும், பளபளன்னு இருந்தா புதுசு. சில சீட்டுல பட்டை பட்டையா இருக்குற கோடு தையலே கிடையாது, மிஷின்ல சூடு வச்சு அழுத்தி ஒட்டுனது, அந்தக் கோட்டு மேல நூல் ஓடியிருந்தா பின்னாடி யாரோ அடிச்ச தையல். உள்ள தேங்கா நாரும் ஸ்ப்ரிங்கும் இருக்க வேண்டிய பழைய சீட்டுல முழுக்க ஸ்பாஞ்சு இருந்தாலும் அதே கதைதான். ஒரிஜினலான்னு பாக்க தீக்குச்சி கிழிச்சு ஓரத்துல வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, வேணாம், ரொம்பப் பழைய லெதர் கிளாத்துல (தோலு மாதிரி தெரிய பூச்சு போட்ட துணி) நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு இருக்கும், குப்புன்னு பிடிக்கும்.

இங்கிலாந்து வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டி நிறையாவுல உடம்பு படுற இடத்துல மட்டும் தோலு, பக்கவாட்டுலயும் முதுகுப் பக்கமும் ரெக்சின். பாதி தோலு பாதி ரெக்சினா இருக்கேன்னு போலின்னு நினைச்சுறாதீங்க. அடியைப் புரட்டுங்க, தோலுன்னா நார் நாரா சொரசொரன்னு இருக்கும், ரெக்சின்னா துணி தெரியும்.

சரி, ஒரிஜினல்தான்னு தெரிஞ்சு போச்சு, இப்ப வேலை. மொதல்ல கழுவுறது. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சமா ஷாம்பு, மெதுவான பிரஷ், அழுத்தித் தேய்க்காம, ஈரத் துணியால ரெண்டு தடவை துடைச்சு நிழல்ல காய விடுங்க. தண்ணியை ஊத்தாதீங்க, தையல் வழியா உள்ள போயி நாரு ஊறி ஸ்ப்ரிங் துரு பிடிக்கும். தின்னர், பெட்ரோல் ரெண்டும் கிட்டயே வரக் கூடாது, அதுல தொடைச்சா அப்போதைக்கு பளிச்சுன்னுதான் இருக்கும், ஆனா ரெக்சினை வளைய வைக்கிற பிளாஸ்டிசைசரை அது வெளிய இழுத்துரும், கொஞ்ச நாள்ல அப்பளமா வெடிக்கும். தேங்கா எண்ணெய் தடவுறதும் வேணாம், புழுதிதான் ஒட்டும்.

கழுவிப் பாத்தா பாதி சீட்டுக்கு புதுத் துணியே தேவைப்படாது, தையல் நூல் மட்டும் இத்துப் போயிருக்கும். அப்படின்னா பழைய ஓட்டை வழியாவே கையால திரும்பத் தச்சுறலாம். சின்னக் கிழிசலுக்கு அடியில ஒரு துணித் துண்டை நுழைச்சு, வளையுற ரெக்சின் பசையை வச்சு, ரெண்டு ஓரத்தையும் சேத்து அமுக்கி விடுங்க. ஃபெவிக்விக் வேணாம், கல்லு மாதிரி இறுகி அதுக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு வெடிப்பு விடும். பெரிய ஓட்டைன்னா ஒட்டுத் துண்டை கடையில தேடாதீங்க, சீட்டுக்கு அடியில மடிஞ்சு கிடக்குற ஓரத்துல இருந்தே வெட்டி எடுங்க, அதே கிரெய்னு அதே வயசு, அடியில வேற ரெக்சினை வச்சு ஈடு கட்டிக்கலாம்.

தாங்காது, பிரிச்சுத்தான் ஆகணும்னா சூதானமா பிரிங்க. கம்பி வளையத்தை கட்டிங் பிளேயர்ல ஒண்ணொண்ணா வெட்டுங்க, இழுக்காதீங்க. ஒவ்வொரு துண்டு பின்னாடியும் மார்க்கர்ல நம்பர் போட்டு, மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறி போட்டு, எந்தத் துண்டு எதோட சேருதுன்னு கோடு இழுத்துக்கங்க. பட்டை எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை மில்லிமீட்டர்னு டேப்பை வச்சுப் போட்டோ. துண்டுகளை காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டி இளகுனதும் பலகையை மேல வச்சு நிமித்திட்டு, பிரவுன் ஷீட்டுல வரைஞ்சு எடுங்க. முக்கியமான விஷயம், டிரைவர் பக்கத் துண்டை அளவுக்கு எடுக்காதீங்க. அது வருசக் கணக்கா ஆளு உக்காந்து இழுபட்டது. இடது பக்கத்தை வரைஞ்சு அதையே திருப்பிப் போட்டா வலது பக்கம் சரியா வரும்.

உள்ள நாரு தூளாப் போயிருக்கும், எலிக்கூடும் இருக்கலாம், மாஸ்க் போட்டுக்கங்க. ஸ்ப்ரிங்கை வயர் பிரஷ்ல தேச்சு ரெட் ஆக்சைடு அடிங்க. உடைஞ்ச ஸ்ப்ரிங்குக்கு வெல்டு வைக்கிறேம்பாங்க, விடாதீங்க, சூடு பட்ட இடத்துல முறுக்கு செத்துரும், வேற பழைய சீட்டுல இருந்து எடுத்து சணல் கயித்துல இறுக்கிக் கட்டுறதுதான் சரி. ஸ்ப்ரிங் மேல போடுற சாக்கு சணல் சாக்காவே இருக்கணும், மதுரை கீழமாசி வீதியில பலசரக்கு மண்டிப் பக்கம் கேட்டாப் போதும், பிளாஸ்டிக் உரச்சாக்கு போட்டா உக்காருறப்ப எல்லாம் கிறீச் கிறீச்னு கத்தும். அதுக்கு மேல ரப்பர் பூசுன தேங்கா நார் ஷீட்டு, மெத்தைக் கடையில கேளுங்க. பட்டைக்குள்ள அடைக்க போடியில இருந்து இலவம் பஞ்சு வாங்கலாமேன்னு தோணும், தலகாணிக்கு அது ராசா, இதுக்கு ஆகாது, வழுக்கி ஒரு மூலையில போயி ஒதுங்கிரும். ஷீட்டா வர்ற பருத்திப் பஞ்சுதான் நிக்கும்.

தைக்கிறது எல்லா டெய்லர் கிட்டயும் ஆகாது. மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன டெய்லருங்க சாமிக்கு அலங்காரத் துணியே தைக்கிற கைக்காரங்க, ஆனா துணி தைக்கிற மிஷின் ரெண்டு மடிப்பு ரெக்சினும் பைப்பிங்கும் சேந்தா திணறும். மேல இருந்தும் கீழ இருந்தும் துணியைத் தள்ளுற கனமான மிஷின் வச்சிருக்குற குஷன் மாஸ்டர்தான் வேணும். நூலு பாலியஸ்டர் போடச் சொல்லுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு நைலானை விட அது தாங்கும். தையல் 4ல இருந்து 5 மில்லிமீட்டர் இடைவெளி, நெருக்கி அடிச்சா ஓட்டை வரிசையிலயே கிழியும். மாஸ்டர் கண்டிப்பா "என்னண்ணே, மேல நல்லா ஸ்பாஞ்சு வச்சு டைமண்ட் கட்டிங் போட்டா சும்மா கும்முன்னு இருக்கும்ல"ம்பாரு. "இல்லண்ணே, பழைய கோடு எப்படி இருக்கோ அப்படியே, பழைய துண்டு ஒண்ணு விடாம எனக்குத் திரும்ப வேணும்"னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, அட்வான்ஸ் குடுக்குறப்பவே.

மாட்டுறப்ப ரெக்சின் சூடா இருக்கணும், காலை வெயிலே போதும். நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துக்கும் மாத்தி மாத்தி இழுத்து வளையம் போடுங்க, ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போனா பட்டை எல்லாம் கோணிக்கும். பைப்பிங் ஃப்ரேம் விளிம்புல நேரா உக்காந்துருச்சான்னு கண்ணை மட்டத்துல வச்சுப் பாத்துட்டு அப்புறம் மூலையை இறுக்குங்க.

முடிச்சதும் மேல பிளாஸ்டிக் கவர் மாட்டாதீங்க, ஐப்பசி கார்த்திகை மழையில உள்ள வேர்த்து பூஞ்சை பிடிக்கும். ஒரு பருத்தித் துணி விரிச்சுக்கங்க, வண்டியை நிழல்ல விடுங்க, மிச்சத் துண்டுகளை சுருட்டி டிக்கியில போட்டு வைங்க, அடுத்த கிழிசலுக்கு ஒட்டுப் போட அதுதான் ஆகும்.