சைக்காலஜிஸ்ட்டிடம் போகும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கம் இருக்கும் தமிழர்களான நமக்குப் பாலக்காடும் கிட்டே, கோயம்புத்தூரும் கிட்டே. எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்பதை அப்புறம் பார்க்கலாம், யாரிடம் போய் உட்காரப் போகிறோம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

போர்டில் சைக்காலஜிஸ்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சில மாத டிப்ளமா முடித்த கவுன்சிலரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் ஒன்றல்ல. பின்னவர் பெரும்பாலும் முதுகலை சைக்காலஜி முடித்து, அதற்கு மேல் 2 வருட எம்.பில். படித்திருப்பார், அந்த 2 வருடமும் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான் முக்கியமான படிப்பே. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) என்ற மத்திய அமைப்பில் அவருக்குப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மாத்திரை எழுதுவது மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட்டின் வேலை. காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் நேரே அவரிடம் போய்விடுங்கள்.

அடுத்து, தெரபி எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். நிறையப் பேர் சி.பி.டி. என்பார்கள், நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் பேச்சு சிகிச்சை, அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய முறை. கோயம்புத்தூர் மில்லுக்குப் போன கணவர் போன் எடுக்கவில்லை, உடனே விபத்துதான் என்று நெஞ்சு படபடக்கிறது என்று வையுங்கள். என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பு என்ன செய்தது என்று நோட்டில் தனித்தனியாக எழுதச் சொல்வார், அப்புறம் விபத்துதான் என்பதற்கு என்ன ஆதாரம், போன் சைலன்டில் இருந்திருக்கலாமா என்று உங்களையே யோசிக்க வைப்பார். அறிவுரையாகக் கொட்டுபவர், 'சாமி கும்பிடுங்க, சரியாகிவிடும்' என்பவர், முதல் நாளே இத்தனை வாரத்தில் குணம் என்று உறுதி கொடுப்பவர், இவர்களை நான் நம்பமாட்டேன்.

மலையாளத்தில் கடையில் பேரம் பேசிவிடலாம், ஆனால் அம்மா மேல் இருக்கும் கோபத்தைச் சொல்ல நமக்குத் தமிழ்தான் வரும். அதனால் தமிழ் நன்றாகப் பேசுவாரா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். 'ஊருக்குத் தெரிந்துவிடுமோ' என்ற பயம் இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது, உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விலக்கு.

நாலைந்து முறை போயும் எதுவும் நகரவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள், நல்லவர் கோபப்படமாட்டார், வழியை மாற்றுவார், இல்லை வேறொருவரிடம் அனுப்புவார். சாக வேண்டும் என்று தோன்றினால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.