கரண்ட் வைத்த பிறகு கண் மங்கினால் என்ன செய்வது?

என் வீட்டுக்காரருக்கு மூளைக் கட்டியை எடுத்துவிட்டு 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள், மொத்தம் 54 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு). 14 மாதம் கழித்து வில்லிவாக்கம் பஸ் ஸ்டாப்பில், "வர்றது எந்த நம்பர்மா?" என்று கேட்டார். வயசுக் கோளாறு என்று நினைத்து மூக்குக்கண்ணாடியை மாற்றினோம். அதிலேயே மூன்று வாரம் போய்விட்டது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பில் கோளாறு இருக்கலாம். வலியே இருக்காது. அன்றைக்கே கிளம்புங்கள்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ கல்லூரிச் சாலை சங்கர நேத்ராலயாவோ, எங்கே போனாலும் பார்வை நரம்பைப் பார்க்கும் மருத்துவர் எப்போது இருப்பார் என்று முதலில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எம்.ஆர்.ஐ. சிடி, கரண்ட் வைத்த இடத்தில் கொடுத்த டோஸ் விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். டோஸ் தாள் ரொம்ப முக்கியம். பார்வை நரம்புக்கு 50-55 கிரேக்கு மேல் போயிருந்தால் ஆபத்து கூடுகிறது. கட்டி திரும்பி வந்தாலும் பார்வை இப்படியே மங்கும் என்பதால் கான்ட்ராஸ்ட் (படத்தில் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) வைத்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

மங்கலுக்குக் காரணம் கண்புரை என்றால் ஆபரேஷனில் சரியாகும். விழித்திரை ரத்தக்குழாய் கெட்டிருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். நரம்பு என்றால்தான் கஷ்டம். ஸ்டீராய்டு, பெவாசிசுமாப் ஊசி (ரத்தக்குழாய்க் கசிவைக் குறைக்கும் மருந்து), அழுத்த அறையில் ஆக்சிஜன் என்று முயற்சி செய்வார்கள். சிலருக்குப் பலன் உண்டு, சீக்கிரம் தொடங்கினால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். எதுவும் உறுதியில்லை, அதைக் கேட்டு நான் அழுதேன். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சட்டென்று நிறுத்தவும் கூடாது. சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ பிரஷர் இருந்தாலோ பெவாசிசுமாப் போடும் முன் சொல்லிவிடுங்கள்.

அவருக்கு வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. மற்ற கண்ணிலும் வரலாம் என்பதால் இடது கண்ணை காலண்டர் வைத்து தினமும் பார்க்கிறோம். மாடிப்படி விளிம்புகளில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். தம்ளரை இடது பக்கமாகவே வைக்கிறேன், காபியை அவரே ஊற்றிக்கொள்கிறார்.