எடையைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள்

ரைபிள் பேரலின் ட்விஸ்ட் அளவை, அதாவது குண்டைச் சுழற்றும் உள் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று திரும்புகிறது என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் சுடப்போகும் குண்டுகளில் மிக நீளமானது எதுவோ அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். ரைபிள் பயிற்சிக்குப் போகிறவர்களும், வெளிநாட்டில் உரிமத்தோடு வேட்டையாடும் உறவினருக்கு யோசனை சொல்கிறவர்களும் பெரும்பாலும் எடையை மட்டுமே கேட்கிறார்கள். குண்டு நீளமாக நீளமாக, அது தலைகுப்புறக் கவிழாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். செம்பு மட்டும் கொண்டு செய்த குண்டு, அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது. அங்கேதான் எடைக் கணக்கு ஏமாற்றும்.

.223 தோட்டா ரகத்தில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) வரை நன்றாகப் போகும். 77 கிரெய்னுக்கு 8 அல்லது 7 அங்குலம் தேவை. ஐயம் வந்தால் வேகமான ட்விஸ்ட், அதாவது குறைந்த அங்குலத்தின் பக்கமே சாயுங்கள். சுழற்சி சற்றுக் கூடினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, குறைந்தால் இலக்குத்தாளில் குண்டு பக்கவாட்டில் கிழித்த ஓட்டை விழும்.

பழைய பேரலா? தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைப்பிடி தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பி ஒரு முழுச் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் நகர்கிறதோ, அதுதான் ட்விஸ்ட்.

.22 லாங் ரைபிள் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் பேரல்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை. அநேகமாக எல்லாமே 16 அங்குலம்தான். வழக்கமான 40 கிரெய்ன் குண்டுக்கு அது போதும்.