மைன்கிராஃப்டில் விழுந்து பார்த்து ஈர்ப்பு முடுக்கத்தை அளப்பது எப்படி?

ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதையே 9.8 வராத ஓர் உலகத்தில் அவர்களை அளக்கவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் வகுப்புக்குள் மைன்கிராஃப்டை, அதாவது கனசதுர பிளாக்குகளை அடுக்கி உலகம் கட்டும் வீடியோ கேமைக் கொண்டுவருகிறேன். 9, 10-ஆம் வகுப்பு மாணவர்களை வைத்துக்கொண்டு முதன்முறையாக இதைச் செய்யப்போகும் ஆசிரியருக்காக, ஒரே ஒரு சோதனையை முழுதாகச் சொல்கிறேன்.

தேவையானவை

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் உள்ள ஒரு கணினி, திரையைப் பதிவுசெய்யும் ஏதாவது ஒரு செயலி, விஎல்சி போல வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக (ஒவ்வொரு ஒற்றைப் படமாக) நகர்த்தும் பிளேயர். நான்கைந்து பேருக்கு ஒரு கணினி போதும். ஒருவர் விளையாட, ஒருவர் ஃப்ரேம் எண்ண, மற்றவர்கள் கணக்குப் போடட்டும்.

படி 1: முதலில் கணிக்கச் சொல்லுங்கள்

கணினியைத் திறக்கும் முன்பே இது நடக்க வேண்டும். 16 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ எவ்வளவு நேரமாகும்? காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சுமார் 1.8 வினாடி வரும். 64 மீட்டருக்கு 3.6 வினாடி. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். இந்த எண்கள் நோட்டில் ஏறாமல் கேமைத் தொடங்கினால், அந்த வகுப்பு வெறும் விளையாட்டு நேரமாகக் கரைந்துவிடும்.

படி 2: கோபுரம் கட்டுங்கள்

பிளாக்குகள் அளவில்லாமல் கிடைக்கும், விழுந்தாலும் அடிபடாத கிரியேட்டிவ் மோடில் சமதளமான ஓர் உலகத்தைத் திறந்து 16, 32, 64 பிளாக் உயரத்தில் மூன்று தூண்கள் எழுப்புங்கள். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பதால் அளவுகோல் கேமுக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சோதனைக்கு நான் மைன்கிராஃப்டைத் தேர்ந்தெடுக்க இதுதான் முதல் காரணம். உச்சியில் ஒரு பிளாக்கைப் பக்கவாட்டில் நீட்டிவையுங்கள், விழும்போது தூணில் மோதாமல் இருக்கும்.

படி 3: விழுந்து பதிவுசெய்யுங்கள்

எஃப்3 விசையை அழுத்தினால் வீரர் நிற்கும் உயரம் எண்ணாகத் திரையில் தெரியும். பதிவைத் தொடங்கி, விளிம்பைத் தாண்டி மெதுவாக நடந்து விழ வேண்டும். குதிக்கக் கூடாது: குதித்தால் மேல்நோக்கிய ஆரம்பத் திசைவேகம் சேர்ந்துவிடும், படி 5-இல் வரும் நம் சூத்திரமோ அது சுழி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது.

படி 4: ஃப்ரேம்களை எண்ணுங்கள்

உயர எண் குறையத் தொடங்கும் ஃப்ரேமிலிருந்து அது அசையாமல் நிற்கும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். வினாடிக்கு 30 ஃப்ரேம் பதிவென்றால் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 16 மீட்டருக்குச் சுமார் 33 ஃப்ரேம் வரும், அதில் ஒன்று தவறினால் நேரத்தில் 3 சதவீதப் பிழை. நேரம் வர்க்கமாவதால் முடுக்கத்தில் அந்தப் பிழை 6 சதவீதமாகிவிடும். தூண் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம். பிழையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

படி 5: கணக்கிடுங்கள்

உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 16 மீட்டருக்கு 1.1 வினாடி அளவில் வரும், அதாவது முடுக்கம் சுமார் 26 மீ/வி². பூமியில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்! வகுப்பில் சத்தம் எழும், எழட்டும்.

அடுத்து 32 மீட்டர்: சுமார் 1.6 வினாடி, 25 மீ/வி². பிறகு 64 மீட்டர்: சுமார் 2.35 வினாடி, 23 மீ/வி². முடுக்கம் மாறிலி என்றால் மூன்று தூணிலும் ஒரே விடை வர வேண்டுமே, ஏன் குறைந்துகொண்டே போகிறது? இங்கே நிதானியுங்கள், பத்து நிமிடமானாலும் பரவாயில்லை. “அளந்ததில் தப்பு” என்று முதலில் சொல்வார்கள். மறுபடி அளந்தாலும் அதே இறக்கம்தான் வரும். வேகம் கூடக் கூட எதிர்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று யாராவது ஒரு மாணவர் சொல்லும் வரை காத்திருங்கள்.

உண்மையிலேயே இருக்கிறது. மைன்கிராஃப்ட் வினாடிக்கு 20 முறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் விழும் வேகத்தோடு ஈர்ப்பின் பங்கைச் சேர்த்து, வந்ததில் 2 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. அந்தக் கழிவுதான் கேமின் காற்றுத்தடை. தடையில்லாவிட்டால் முடுக்கம் 32 மீ/வி² ஆக இருக்கும். தடை இருப்பதால், மிக உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் சுமார் 78 மீ/வி-க்கு மேல் ஏறாது. முற்றுத் திசைவேகம் என்று பாடத்தில் படிப்பது இதுதான். நிஜத்தில், பாராசூட் விரியும் முன் வயிறு கீழ்நோக்க விழும் மனிதருக்கு இது சுமார் 55 மீ/வி.

படி 6: நிஜத்தோடு ஒப்பிடுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது, தவிர்த்தால் 26-தான் சரியான விடை என்று ஒரு மாணவராவது வீட்டுக்குப் போவார். கேமில் காற்றுத்தடை வேகத்துக்கு நேர்விகிதம். நிஜத்தில் வேகமாக விழும் உடலுக்கு அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்னொரு வேறுபாட்டைச் செய்தே காட்டலாம். மண் மேல் நிற்கும் ஒரு மரத்தின் அடிப்பகுதியை வெட்டுங்கள், மேல்பகுதி அந்தரத்தில் நிற்கும். மணல் பிளாக்கின் கீழே உள்ளதை எடுத்தால் மணல் விழும். எந்தெந்த விதியைக் கேம் மதிக்கிறது, எதை மீறுகிறது என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். நான் மதிப்பெண் தருவது அந்தப் பட்டியலுக்குத்தான்.

இது பிடித்துப்போனவர்களுக்கு அடுத்தது, ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கேமான கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம். அதில் வரும் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ., பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையில் ஈர்ப்பு முடுக்கமோ பூமியைப் போலவே 9.81. அப்படியானால் அந்தக் கோளின் அடர்த்தி என்னவாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள், விடை வர கேமைத் திறக்கவே வேண்டியதில்லை.